நண்பரின் நூலுக்கு ஒரு முகவரி

செங்கல்பட்டுக்குக் கிழக்கே, திருக்கழுக்குன்றம் செல்லும் சாலையில் வல்லம் என்றொரு சிற்றூர். அங்குள்ள குன்றில் மகேந்திரவர்ம பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று இருக்கிறது. அதன் தூணிலுள்ள கல்வெட்டு, கோயிலைச் செய்வித்தவன் கந்தசேனன் என்கிறது. அவன் வயந்தப்பிரியரசன் மகன். அந்த வயந்தப்பிரியரசனோ மகேந்திரப் போத்தரசனின் அடியான். மூன்று பெயர்களும் ஏறத்தாழ 1400 ஆண்டுகளாக அதே கல்லில் நிற்கின்றன.

அந்தக் கல்வெட்டை எங்களுக்கு முதன்முதலில் படித்துக் காட்டியவர், செங்கல்பட்டில் ஆசிரியராயிருந்த நண்பர் ஒருவர். கொளவாய் ஏரி தொடங்கி மாமல்லபுரம் வரையிலான ஏரிகளையும் கோயில்களையும் பற்றி அவர் ஒரு சிறுநூல் எழுதினார். சொந்தச் செலவில் ஐநூறு பிரதிகள் அச்சிட்டார். நூலகத்துறை வாங்கவில்லை, கடைகள் பத்துப் பத்தாக வாங்கி அப்படியே திருப்பின. மீதி கட்டிலுக்கு அடியில் போயிற்று. தமிழில் சொந்தமாக நூல் வெளியிட்ட எவருக்கும் அந்தக் கட்டில் தெரியும். 2006இல் நாங்கள் ஐவர் சேர்ந்து அந்நூலுக்காக ஓர் இணையதளம் தொடங்கினோம். அது என்ன ஆயிற்று என்பதைச் சொல்லுமுன், எங்களைப் போன்றோர் செய்த வேலையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நண்பரின் எழுத்தை ஊரறியச் செய்வதற்காக வேலைவெட்டியை விட்டு அலைவது இணையம் கொண்டுவந்த வழக்கமன்று. இராமலிங்க அடிகளின் பாடல்களை அச்சேற்ற விரும்பிய இறுக்கம் இரத்தின முதலியாரை எண்ணிப் பாருங்கள். அடிகள் அப்போது கருங்குழியில் இருந்தார். (எங்கள் மதுராந்தகத்துக் கருங்குழியன்று, வடலூர்ப் பக்கத்துக் கருங்குழி, இரண்டையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு.) பாடல்களைத் தர அடிகள் தயங்கினார். அவை வந்து சேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளைதான் உண்பது என்று முதலியார் சென்னையில் விரதம் பூண்டார். செய்தியறிந்த அடிகள் மனம் பதைத்து, பாடல்களை அனுப்புவதாக 1860இன் இறுதியில் மடல் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை வகைப்படுத்த, மயிலை சோமசுந்தரம் செட்டியார் பொருளுதவி செய்ய, திருவருட்பா 1867இல் வெளிவந்தது. அதை வாசிப்போரில் எத்தனை பேருக்கு இரத்தின முதலியாரின் பெயர் தெரியும்? ஆறேழு ஆண்டுகள் ஒருவர் விடாமல் நச்சரித்திராவிட்டால் அந்த நூல் அந்த வடிவில் நமக்கு வாய்த்திராது.

இனி மாமல்லபுரக் கடற்கரை. 'சிவகாமியின் சபதம்' நாவலுக்கான முதல் பொறி எங்கே பிறந்தது என்பதைக் கல்கியே அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தபோது தோன்றிய கற்பனை அது. நாவல் 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. டி. கே. சி. தாம் எழுதியவற்றைக் காட்டிலும் பிறர் எழுத்தைச் சுவைத்துச் சொல்வதில் புகழ் பெற்றவர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்கள் தமிழகமெங்கும் அறியப்பட்டதில் அவருடைய நாவுக்குப் பெரும் பங்குண்டு. திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியை எங்கள் தளத்துக்கு முன்மாதிரி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஆசை அதுதான். கல்கியும் டி. கே. சி.யும் 1954ஆம் ஆண்டிலேயே, சில மாத இடைவெளியில் காலமானார்கள்.

அரை நூற்றாண்டு கழித்துக் கல்கியின் வாசகர்கள் இணையத்தில் கூடினார்கள். 2000களின் தொடக்கத்தில் யாகூ குழுமமாக உருவான பொன்னியின் செல்வன் குழு, நாவலைப் பற்றிப் பேசுவதில் தொடங்கி, நாவலில் வரும் இடங்களை நேரில் காண்பதில் முனைந்தது. அப்படிக் கூடியவர்களில் சிலர் திருச்சியில் கண் மருத்துவரும் வரலாற்றாய்வாளருமான இரா. கலைக்கோவனிடம் சென்று சேர்ந்தார்கள். அவருடைய தந்தை மா. இராசமாணிக்கனார் 'பல்லவர் வரலாறு' எழுதியவர். தந்தையின் பெயரில் கலைக்கோவன் நடத்திய ஆய்வு மையம் கோயில் கோயிலாக அளந்தும் கல்வெட்டுகளைப் படித்தும் நூல்களை வெளியிட்டு வந்தது. மகேந்திரர் காலக் குடைவரைகளைப் பற்றி மட்டுமே ஒரு தனிநூல் அங்கிருந்து வந்திருக்கிறது. இத்தகைய நூல்கள் எத்தனை கடைகளில் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த நண்பர்கள் 2004இல் தொடங்கிய மாத மின்னிதழ்தான் வரலாறு.காம். கணினித் துறையில் வேலை பார்த்தவர்கள் விடுமுறைகளில் கோயில்களில் அலைந்து, இரவுகளில் தட்டச்சு செய்து நடத்திய இதழ் அது. கலைக்கோவனின் தொடர்கள் அங்கே வந்தன. கோகுல் சேஷாத்ரியின் 'இராஜகேசரி' அங்கே தொடராக வெளிவந்து பின்னர் நூலானது. லலிதாராம் அங்கே இசையைப் பற்றி எழுதினார், ஜி. என். பாலசுப்ரமணியத்தைப் பற்றியும் மிருதங்க மேதை பழனி சுப்ரமணிய பிள்ளையைப் பற்றியும் அவர் நூல்கள் எழுதியிருக்கிறார். அந்தக் குழுவின் துணிச்சலான முயற்சி என்று நாங்கள் கருதுவது, 2008இல் ஐராவதம் மகாதேவனுக்கு அவர்கள் வெளியிட்ட 'ஐராவதி' என்னும் பாராட்டு மலர். தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை ஐயந்திரிபறப் பதிப்பித்த பேரறிஞர் ஒருவருக்குப் பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய காரியத்தைப் பொழுதுபோக்காகத் தளம் நடத்திய சில இளைஞர்கள் செய்தார்கள்.

இவர்கள் மட்டுமல்லர். சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்த மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிவிட்டது. உலகெங்கும் சிதறிக் கிடந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களை வீட்டில் உட்கார்ந்து உள்ளிட்டுக் கொடுத்தார்கள். ஈழத்து நூல்களுக்கான 'நூலகம்' 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறக்காதவர்களின் வேலை அது. சுஜாதாவுக்கு வாசகரும் நண்பருமான தேசிகன் தளம் அமைத்தார். ஜெயமோகனின் தளத்தையும் நண்பர்களே அமைத்துப் பேணினார்கள். எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருக்க, யாரோ ஒருவர் வழங்கிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

அக்காலத்தில் தளம் அமைத்தவர்களுக்கு எழுத்துருவே முதல் எதிரி. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கி நிறுவாதவர்க்குப் பக்கம் முழுவதும் கோமாளி எழுத்துகள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களை ஏற்றது. இணையத்தில் ஏராளமானோர் திஸ்கியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யூனிகோட் மெல்ல வந்துகொண்டிருந்தது. எங்கள் நண்பரின் நூலை அச்சகத்தார் இன்னொரு எழுத்துருவில் கோத்திருந்தார்கள். அந்தக் கோப்பை மாற்றியில் இட்டபோது கொம்புகள் இடம் மாறின, 'ஸ்ரீ' எல்லாம் கேள்விக்குறியாயிற்று. இறுதியில் இ-கலப்பையை நிறுவிக்கொண்டு மூன்று அத்தியாயங்களை முதலிலிருந்து உள்ளிட்டோம். நான்காவதைத் தொடங்கியபோது எங்களில் ஒருவருக்குத் திருமணமாயிற்று.

அதிகம் எழுதப்படாத பகுதி ஒன்று உண்டு. இத்தளங்கள் எப்படிச் செத்தன என்பது.

ஜியோசிட்டீசில் இலவச இடம் பெற்றுத் தமிழர்கள் அமைத்த பக்கங்கள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. 2009 அக்டோபரில் அந்தச் சேவை மூடப்பட்டபோது அவையும் போயின. யாகூ குழுமங்களில் ஆண்டுக்கணக்காக நடந்த உரையாடல்கள் 2019இன் இறுதியில் அகற்றப்படலாயின; 2020 டிசம்பரில் சேவையே நின்றுவிட்டது. பெரிய நிறுவனங்களை மட்டும் குறை சொல்ல மாட்டோம். பெரும்பாலான தளங்கள் அதற்கு முன்பே, யாரும் கொல்லாமல் செத்தன. ஆள்களப் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டுகிறவர் வேலை மாறுவார், நாடு மாறுவார். நினைவூட்டு மடல் அவர் திறந்தே பார்க்காத பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். எங்கள் தளம் 2011இல் அப்படித்தான் போயிற்று. அது போனதை நாங்கள் ஓராண்டு கழித்துத்தான் கவனித்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்களுக்கு முன்பே நண்பர் கவனித்திருந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் நடந்தது நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு பாறையில் கண்டெடுத்த கல்வெட்டு, திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலைக் குறிப்பிட்டது. அந்தத் தடயத்தைப் பற்றிக்கொண்டு தொல்லியல் துறையினர் தோண்டியபோது, மணலுக்கடியில் புதைந்திருந்த பழைய செங்கல் கோயில் வெளிப்பட்டது. கோயிலே மறைந்த பின்னும் அதன் பெயரைச் சொல்ல ஒரு பாறை இருந்தது. எங்கள் தளத்துக்கு அப்படியொரு பாறை இல்லை. இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் முகப்புப் பக்கமும் முதல் அத்தியாயமும் மட்டும் சிக்கியிருந்தன, படங்களில்லாமல்.

நண்பர் 2017இல் காலமானார். மறு ஆண்டு அவருடைய மகள் அழைத்து, அப்பாவின் புத்தகம் இணையத்தில் இருந்ததே, அந்த முகவரி என்ன என்று கேட்டார். எங்களிடம் பதிலில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான், எங்கள் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்த வேறொரு முயற்சியைச் சரியாகப் புரிந்துகொண்டோம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவைச் சார்ந்த த. சீனிவாசனும் நண்பர்களும் 2012இல் 'கணியம்' என்ற மின்னிதழையும், 2013இல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தையும் தொடங்கினார்கள். (செங்கல்பட்டு அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது, 2019இல்தான் தனி மாவட்டமானது.) வலைப்பதிவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மடல் எழுதி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட அனுமதி கேட்பார்கள். அனுமதி கிடைத்ததும் தன்னார்வலர் ஒருவர் அட்டைப்படம் செய்வார், இன்னொருவர் மின்னூலாக்குவார். கைப்பேசிக்கும் கிண்டிலுக்கும் கணினிக்கும் ஏற்ற வடிவங்களில் நூல் இலவசமாக இறங்கும். இவ்வாறு நூற்றுக்கணக்கான நூல்கள் வந்திருக்கின்றன. தரத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. சில நூல்களுக்கு ஒரு கண்டிப்பான பதிப்பாசிரியர் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

நாங்கள் தவறவிட்டது அந்த உரிமத்தைத்தான். நண்பரின் நூலை யாரும் நகலெடுக்கக் கூடாதென்று வலச்சொடுக்கை முடக்கும் நிரல் ஒன்றை அன்று பெருமையாகச் சேர்த்திருந்தோம். யாரும் நகலெடுக்கவில்லை. அதனால் எங்கும் நகல் இல்லை. உரிமம் தந்து வெளியிடும் நூலோ, தளம் நாளை மூடினாலும், இறக்கிக்கொண்டவர்களின் கைப்பேசிகளில் இருக்கும். அவர்கள் அதை வேறிடத்தில் ஏற்றவும் தடையில்லை. நண்பரின் நூலை வேலிபோட்டுக் காத்த நாங்கள்தான் அதைத் தொலைத்தோம்.

கட்டிலுக்கடியில் கிடந்த கட்டுகளில் கரையான் விட்டுவைத்த பிரதிகளை மகள் எடுத்துத் தந்தார். எங்களில் மூவர் மீதி அத்தியாயங்களை உள்ளிட்டோம். ஏரிகளைப் பற்றிய அத்தியாயத்தில் நண்பர் கையால் வரைந்த வரைபடத்தை ஒளிவருடி எடுத்துச் சேர்த்தோம். அதில் அவர் குறித்திருக்கும் ஓர் ஓடையின் மேல் இன்று வீட்டு மனைகள் நிற்கின்றன. மகளின் கையொப்பத்துடன் உரிமக் குறிப்பைச் சேர்த்து, மின்னூலை இணைய ஆவணகத்தில் ஏற்றினோம். கேட்டவர்க்கெல்லாம் கோப்பையும் அனுப்பினோம். அட்டையில் வல்லத்துக் குடைவரைத் தூண்.

ஏற்றிய மறுநாள் மகளிடமிருந்து செய்தி வந்தது. நன்றியுரையில் நண்பர் எங்கள் ஐவரையும் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பக்கத்தை மட்டும் அச்சகத்தின் பழைய கோப்பிலிருந்து மாற்றிச் சேர்த்திருந்தோம். அதில் ஒருவர் பெயரின் நடுவே ஒரு கேள்விக்குறி நிற்கிறதாம். திருத்திய கோப்பை அனுப்பிவிட்டோம். முன்பே இறக்கிக்கொண்டவர்களிடம் அந்தக் கேள்விக்குறியோடுதான் அவர் இருக்கிறார்.