புரூக்ளின் சூடிய ஒரே மகுடம்

நியூயார்க் மாநகரத்தின் ஐந்து பகுதிகளுள் ஒன்றாக இன்று எண்ணப்படும் புரூக்ளின், 1897-ஆம் ஆண்டு முடியும் வரையில் தனக்கென்று மேயரும் நகர மன்றமும் கொண்ட தனி நகரமாக விளங்கியது என்பதை நினைவிற் கொண்டால்தான், அவ்வூர் ஜனங்கள் ஒரு பேஸ்பால் அணியின்மீது வைத்திருந்த அபிமானத்தின் ஆழம் நமக்குப் புலப்படும். 1883-இல் கிழக்கு ஆற்றின்மேல் எழுந்த தொங்கு பாலம் இரு கரைகளையும் பிணைத்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அரசாங்கமும் ஒன்றாகி, புரூக்ளின் நகரம் என்ற ஸ்தானம் மறைந்துபோயிற்று. எனினும் தேசிய லீகில் ஆடிவந்த அணி மட்டும் புரூக்ளின் என்ற பெயரையே மார்பில் தாங்கி ஊர் ஊராகச் சென்று ஆடியது. இழந்த தனித்துவத்துக்கு எஞ்சியிருந்த ஒரே பகிரங்கமான அடையாளம் அதுதான் என்று அம்மக்கள் அதைப் பற்றிக்கொண்டதில் வியப்பென்ன?

1890-களில் புரூக்ளின் வீதிகளில் மின்சார டிராம் வண்டிகள் புதிதாக ஓடத் தொடங்கியபோது, அவற்றின் வேகத்துக்குப் பழகாத பாதசாரிகள் தண்டவாளத்தைக் கடக்க ஓடித் தப்பவேண்டியிருந்தது. அதைக் கண்டு மற்ற ஊரார் சூட்டிய பட்டப்பெயரே பிற்பாடு டாட்ஜர்ஸ், அதாவது விலகித் தப்புவோர், என்று அணிக்கு நிலைத்தது. இந்த அணியின் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கிப் படிப்படியாக அதன் அதிபராகவும் உயர்ந்த சார்லஸ் எபெட்ஸ், பிளாட்புஷ் பகுதியின் ஓரத்தில், குப்பை கொட்டும் பள்ளமாகக் கிடந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பல ஆண்டுகள் ரகசியமாக வாங்கிச் சேர்த்தார். கட்டடச் செலவுக்காகத் தம் உரிமையில் பாதியை மெக்கீவர் சகோதரர்களுக்கு விற்றார். இவ்வளவு பிரயாசைக்குப் பின் 1913-ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட மைதானம் அவர் பெயராலேயே எபெட்ஸ் பீல்டு என்று வழங்கலாயிற்று.

சுமார் 32,000 பேருக்கு மேல் கொள்ளாத அந்த மைதானத்தில் ஆசனங்கள் ஆடுகளத்தை ஒட்டியே அமைந்திருந்தபடியால், வீரர்கள் தங்களுக்குள் பேசுவது ரசிகர்களுக்கும், ரசிகர்கள் ஏசுவது வீரர்களுக்கும் தெளிவாகக் கேட்கும். வெளிப்புற இருக்கைகளில் ஹில்டா செஸ்டர் என்ற மாது, மாட்டின் கழுத்தில் கட்டும் மணியைக் கையில் ஏந்தி ஆட்டம் முழுவதும் ஒலித்துக்கொண்டிருப்பார். சங்கீதத்தில் தேர்ச்சியைவிட உற்சாகம் மிகுந்த உள்ளூர்க் கோஷ்டி ஒன்று, நடுவர்கள் களத்தில் இறங்கும்போதெல்லாம் குருட்டு எலிகளைப் பற்றிய குழந்தைப் பாட்டை வாசித்து அவர்களை வரவேற்கும். வலப்புறச் சுவரில் ஆட்டக் கணக்குப் பலகையின் அடியில், ஏப் ஸ்டார்க் என்ற துணிக்கடைக்காரர், தம் விளம்பரத்தின்மீது பந்தை அடிப்பவருக்கு ஒரு சூட் இனாம் என்று எழுதி வைத்திருந்தார். ஆனால் அதன் முன்னே காவல் நின்ற கார்ல் புரில்லோவின் கையைத் தப்பிப் பந்து அங்கே போய்ச் சேருவது அபூர்வம். அந்தப் பலகையின் பிரசித்தியோடு வளர்ந்த ஸ்டார்க், 1950-களில் நியூயார்க் நகர மன்றத்தின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அமெரிக்கப் பேஸ்பாலில் அக்காலத்தில் இரண்டு லீகுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு அணிகள்; வசந்த காலம் தொடங்கி இலையுதிர் காலம் வரையில் ஒவ்வோர் அணிக்கும் 154 ஆட்டங்கள். இரு லீகுகளிலும் முதலிடம் பெற்றவை இறுதியில் ஏழு ஆட்டங்கள் கொண்ட உலகத் தொடரில் மோதும். நான்கு வென்றவருக்கே மகுடம். புரூக்ளின் இந்த உலகத் தொடரை 1916-இல் பாஸ்டனிடமும் 1920-இல் கிளீவ்லாந்திடமும் இழந்தது. பிறகு 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து முறையும் அதே மாநகரத்தின் மற்றொரு மூலையிலிருந்த யாங்கீஸ் அணியிடமே தோற்றது. இவற்றுள் 1941-இன் நான்காவது ஆட்டம் மிகக் கொடியது. ஒரு ரன் முன்னிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசி மட்டையாளர் பந்தைத் தவறவிட்டு ஆட்டமிழந்திருக்க வேண்டிய தருணத்தில், மட்டையாளரின் பின்னே நின்று பந்தைப் பிடிக்கும் காட்சரான மிக்கி ஓவனும் அதைப் பிடிக்காமல் நழுவவிட, மட்டையாளர் முதல் பேஸுக்கு ஓடிப் பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு நழுவலைப் பற்றிக்கொண்டு யாங்கீஸ் நான்கு ரன்களைக் குவித்து வென்றது. 1951-இல் நிகழ்ந்ததோ இதனினும் கொடியது. ஆகஸ்டில் பதின்மூன்று ஆட்டங்களுக்கும் மேல் முன்னணியில் நின்ற அணி, சீசன் முடிவில் தன் லீகின் ஜயண்ட்ஸ் அணியோடு சமநிலைக்கு இறங்கி, முதலிடத்தைத் தீர்மானிக்க அக்டோபர் 3-ஆம் தேதி நடந்த கடைசிப் போட்டியின் கடைசி இன்னிங்ஸில் பாபி தாம்ஸன் அடித்த ஹோம் ரன்னால் உலகத் தொடரில் காலடி வைக்கும் பாக்கியத்தையே இழந்தது.

ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் புரூக்ளின் ஜனங்கள் சொல்லிக்கொண்டது, அடுத்த ஆண்டு பார்ப்போம் என்பதுதான். தோற்றவனைத் தள்ளிவைக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை என்பதற்கு கில் ஹாட்ஜஸின் சரித்திரம் ஒன்றே போதும். முதல் பேஸ் காத்த இந்தப் பலசாலி, 1952 உலகத் தொடரில் இருபத்தொரு முறை மட்டை பிடித்து ஒரு முறைகூடப் பந்தை முறையாக அடித்து முன்னேற முடியாமல் தவித்தார். அடுத்த வசந்தத்திலும் அந்தத் தவிப்பு நீடித்தது. வேறோர் ஊராயிருந்தால் ஏளனக் கூச்சல் வானைப் பிளந்திருக்கும். புரூக்ளினிலோ கடிதங்களும் ஜபமாலைகளும் அவர் வீடு தேடி வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாதிரியார் ஒருவர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போய் ஹாட்ஜஸுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று சபையாருக்குச் சொல்லி அனுப்பினார். கீர்த்தியின் உச்சியில் இருப்பவனைக் கொண்டாடுவது எவருக்கும் எளிது; கை ஓய்ந்தவனுக்காக மண்டியிட்ட ஊர் புரூக்ளின் என்பதால்தான் அவ்வணியின் வரலாறு என் நெஞ்சை இன்றளவும் ஆட்கொண்டிருக்கிறது.

இன்னொரு மகத்தான காரணமும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுப்பின வீரர்களுக்கு அடைபட்டிருந்த பெரிய லீகுகளின் கதவை, 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி எபெட்ஸ் பீல்டில் ஜாக்கி ராபின்ஸன் திறந்துகொண்டு நுழைந்தார். அணியின் நிர்வாகியான பிரான்ச் ரிக்கி வெகு நிதானமாக வகுத்த ஏற்பாடு அது. வசவுகளையும் மிரட்டல்களையும் பல்லைக் கடித்துச் சகித்துக்கொண்டு ராபின்ஸன் ஆடிய ஆட்டத்தை அந்த ஆண்டு 18 லட்சத்துக்கும் அதிகமானோர் எபெட்ஸ் பீல்டுக்கு வந்து கண்டனர். அடுத்த ஆண்டு காட்சர் ராய் காம்பனெல்லாவும், அதற்கடுத்த ஆண்டு பந்தெறியும் பிட்சர் டான் நியூகோம்பும் வந்து சேர்ந்தனர். இத்தாலியரும் யூதரும் ஐரிஷ்காரரும் கறுப்பினத்தாருமாகப் பல ஜாதி ஜனங்கள் நெருங்கி வாழ்ந்த அந்தப் பிரதேசத்தின் முகம், அவர்கள் அணியின் முகத்திலேயே தெரியலாயிற்று.

இனி 1955-ஆம் ஆண்டுக்கு வருவோம். வால்டர் ஆல்ஸ்டன் என்ற அதிகம் பேசாத மனிதரின் தலைமையில் அணி முதல் பத்து ஆட்டங்களையும் தொடர்ந்து வென்று, முதல் இருபத்துநான்கில் இருபத்திரண்டை வசப்படுத்தியது. டியூக் ஸ்னைடர் 42 ஹோம் ரன்கள் அடித்தார். நியூகோம்ப் இருபது ஆட்டங்களை வென்று ஐந்தில் மட்டுமே தோற்றதோடு, பிட்சராயிருந்தும் மட்டை பிடித்து ஏழு ஹோம் ரன்கள் அடித்தார். காம்பனெல்லா தமது லீகின் தலைசிறந்த வீரர் என்ற விருதை மூன்றாம் முறையாகப் பெற்றார். ஜூலை 22-ஆம் தேதி இரவு, காப்டன் பீ வீ ரீஸின் முப்பத்தேழாவது பிறந்தநாளைக் கொண்டாடுவதற்காக மைதானத்தின் விளக்குகளையெல்லாம் அணைத்தபோது, முப்பதாயிரம் ரசிகர்கள் தீக்குச்சிகளைக் கிழித்து ஏந்தி அவருக்காக வாழ்த்துப் பாடினார்கள். செப்டம்பர் 8-ஆம் தேதியே லீகின் முதலிடம் உறுதியாயிற்று. தேசிய லீகின் சரித்திரத்தில் அதுவரை அத்தனை விரைவில் எவரும் அதை எட்டியதில்லை.

உலகத் தொடரில் எதிர்ப்பட்டவர்கள் வழக்கம்போல யாங்கீஸ்காரர்களே. முதல் ஆட்டத்தில் முப்பத்தாறு வயதான ராபின்ஸன், பிட்சர் பந்தை எறியும் இடைவெளியில் மூன்றாவது பேஸிலிருந்து பாய்ந்து ஒரு ரன்னையே களவாடினார். இருந்தும் அந்த ஆட்டமும் அடுத்த ஆட்டமும் கைநழுவின. முதல் இரண்டையும் இழந்துவிட்டு ஏழு ஆட்டத் தொடரை வென்றவர் அதற்குமுன் யாருமில்லை. மூன்றாவது ஆட்டத்தை ஆல்ஸ்டன் ஒப்படைத்தது, அந்த சீசனில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்டிருந்த ஜானி பாட்ரெஸ் என்ற இளம் பிட்சரிடம். அன்று அவருக்கு இருபத்து மூன்றாம் பிறந்தநாள். அவர் வென்று கொடுத்தார். எபெட்ஸ் பீல்டில் நடந்த மூன்று ஆட்டங்களும் புரூக்ளினுக்கே கிடைத்தன. ஆறாவதை யாங்கீஸ் வென்று கணக்கைச் சமப்படுத்தியது.

அக்டோபர் 4-ஆம் தேதி, யாங்கீஸின் சொந்த மைதானத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில், பாட்ரெஸ் மீண்டும் பந்தெறிய வந்தார். அன்று புரூக்ளின் எடுத்த இரண்டு ரன்களையும் ஈட்டித் தந்தவர், எந்த ஹாட்ஜஸுக்காக ஊரார் பிரார்த்தித்தார்களோ அதே ஹாட்ஜஸ். ஆறாவது இன்னிங்ஸில் ஆல்ஸ்டன் கியூபா தேசத்து வீரரான சாண்டி அமோரோஸை இடப்புற எல்லைக்கு அனுப்பினார். சில நிமிஷங்களில் யாங்கீஸின் இருவர் முதல் இரண்டு பேஸ்களில் நிற்க, யோகி பெர்ரா மட்டை பிடித்தார். இடக்கை மட்டையாளரான அவர் வலப்பக்கமே அடிப்பார் என்று எண்ணிக் காவலர்கள் அத்திசையில் ஒதுங்கி நின்றிருந்தனர்; பந்தோ இடப்புற எல்லைக்கோட்டின் மூலையை நோக்கி உயர்ந்து வளைந்து சென்றது. அமோரோஸ் வெகுதூரம் ஓடினார். இடக்கையால் பந்தெறிபவராகையால் அவருடைய உறை வலக்கையில் இருந்தது. ஓடிய ஓட்டத்திலேயே அந்தக் கையை முன்னே நீட்டி, வேலியருகில் பந்தை ஏந்திக்கொண்டார். அவருக்கு முன் அங்கே நின்ற கில்லியம் என்ற வீரராக இருந்தால் உறை இடக்கையில் இருந்திருக்கும். உடலைக் குறுக்கே திருப்பியல்லவோ எட்டிப் பிடிக்க நேர்ந்திருக்கும்! பிடித்த கையோடு அவர் ரீஸிடம் எறிய, ரீஸ் ஹாட்ஜஸிடம் எறிய, பந்து தரையில் விழுமென்று நம்பி ஓடிவிட்ட முதல் பேஸ்காரரும் திரும்புமுன் ஆட்டமிழந்தார். ஒன்பதாவது இன்னிங்ஸின் இறுதியில் எல்ஸ்டன் ஹோவர்டு தரையோடு அடித்த பந்தை ரீஸ் எடுத்து ஹாட்ஜஸிடம் எறிந்தபோது, இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் புரூக்ளின் உலக மகுடத்தைச் சூடியது. அன்று மாலை அவ்வூர் வீதிகளில் கார்கள் ஒலியெழுப்பிக்கொண்டே ஊர்ந்தன. ஜன்னல்களிலிருந்து காகிதத் துணுக்குகள் பொழிந்தன. சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வெளியே வந்தனர்.

இந்த வெற்றி ஆண்டிலேயே விதியின் நிழலும் விழுந்துவிட்டது. மோட்டார் வாகனங்களின் பெருக்கத்தால் புரூக்ளின் குடும்பங்கள் பல லாங் ஐலண்டின் புறநகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. தொலைக்காட்சி ஆட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. எபெட்ஸ் பீல்டைச் சுற்றி வாகனங்கள் நிறுத்த இடம் மிகச் சொற்பம். 1947-இல் 18 லட்சமாக இருந்த பார்வையாளர் தொகை மகுடம் சூடிய 1955-இல் சுமார் பத்து லட்சமாகச் சுருங்கியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே அணியின் அதிபர் வால்டர் ஓமாலி, அடுத்த ஆண்டின் ஏழு ஆட்டங்கள் ஜெர்ஸி நகரத்தில் நடைபெறும் என்று அறிவித்தார். அட்லாண்டிக், பிளாட்புஷ் சாலைகள் கூடுமிடத்தில் சொந்தச் செலவில் புதிய மைதானம் கட்டத் தயார், நகரம் அந்த நிலத்தைக் கையகப்படுத்தித் தரவேண்டும் என்பது அவர் கோரிக்கை. அந்நாளில் நியூயார்க்கின் நிர்மாணப் பணிகளையெல்லாம் கைக்குள் வைத்திருந்த ராபர்ட் மோஸஸ் அதற்கு இணங்காமல் குவீன்ஸ் பகுதியிலுள்ள பிளஷிங் மெடோஸைக் காட்டினார். இருவரும் இறங்கி வரவில்லை. 1957-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி எபெட்ஸ் பீல்டின் கடைசி ஆட்டத்தை 6,702 பேரே வந்து பார்த்தனர். அக்டோபர் 8-ஆம் தேதி, அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்கிறது என்ற செய்தி உத்தியோகபூர்வமாக வெளியாயிற்று. புரூக்ளினிலேயே பிறந்து 1955-இல் பத்தொன்பது வயதில் அணியில் சேர்ந்த சாண்டி கூபாக்ஸ், பிட்சராகத் தம் முழு மகிமையையும் அடைந்தது ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால்தான். 1960-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பேஸ்பால் பந்தைப்போலவே வர்ணம் பூசப்பட்ட இரும்புக் குண்டைக் கொண்டு எபெட்ஸ் பீல்டை இடித்தார்கள். அங்கே இன்று குடியிருப்பு மாளிகைகள் நிற்கின்றன.

ஓமாலியைக் குற்றம் சாட்டுவோரும் மோஸஸைக் குற்றம் சாட்டுவோருமாக அபிமானிகள் இரு கட்சிகளாகப் பிரிந்து இன்றளவும் வாதிடுகின்றனர். என் சிந்தை செல்வது வேறு திசையில். அந்தப் பேச்சுவார்த்தைகளில் அதிபர் இருந்தார், அதிகாரி இருந்தார். ஏழு தோல்விகளைத் தாங்கி, ஹாட்ஜஸுக்காக மண்டியிட்டு, ரீஸுக்காகத் தீக்குச்சி ஏந்திய ஜனங்களின் சார்பில் முடிவு செய்யும் உரிமையோடு ஒருவரும் இருக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அணி அதிபரின் சொத்துதான். ஆயினும் 1955-இன் மகுடத்துக்கு மதிப்பைத் தந்தது அந்த ஜனங்களின் நீண்ட காத்திருப்பேயன்றி வேறில்லை. அதே அணி லாஸ் ஏஞ்சலிஸில் பிற்பாடு பெற்ற மகுடங்கள் பல, புரூக்ளின் என்ற பெயருக்குக் கிடைத்ததோ இது ஒன்றே. ஓர் ஊரின் பெயரைச் சூடிக்கொண்டு அவ்வூர் மக்களின் அன்பையும் காசையும் தலைமுறை தலைமுறையாகப் பெற்று வளர்ந்த அணியை, அம்மக்களைக் கலவாமல் பெயர்த்துச் செல்லும் உரிமை எவருக்கும் இருக்கலாகாது என்பதே புரூக்ளினின் வரலாற்றைப் படித்து நான் கண்ட முடிவு.