விலைபோன ஊர்

ஓர் ஊரை விற்க முடியுமா? வீட்டை விற்கலாம், நிலத்தை விற்கலாம். ஊரையே, அதன் கோட்டை கொத்தளம், தெருக்கள், தெருவில் குடியிருக்கும் ஜனங்கள் எல்லாவற்றோடும் சேர்த்து ஒருவர் விற்க, மற்றொருவர் வாங்க முடியுமா? முடியும் என்று சரித்திரம் சொல்கிறது. 1845-ல் டென்மார்க் ராஜாங்கம் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

அந்த விலைபோன ஊரில் கோடை விடுமுறைக்கு நான்கு நாட்கள் குடும்பத்துடன் தங்கினேன். கோட்டைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய வீடு வாடகைக்குக் கிடைத்தது. தூண் வைத்த தாழ்வாரம், ஆள் உயர ஜன்னல்கள், முழங்கை அகலச் சுவர்கள். என் மனைவிக்குச் சமையலறை பிடிக்கவில்லை. கடற்காற்று வந்து அடுப்பை அணைத்துவிடுகிறது என்றாள். குழந்தைகளுக்கு எல்லாமே பிடித்திருந்தது. மாலை வேளைகளில் மதில் ஓரமாக உட்கார்ந்து அவர்களுக்கு ஊரின் கதையைச் சொல்வது என் வேலையாயிற்று.

கதை 1620-ல் தொடங்குகிறது. மிளகும் துணியும் தேடி வந்த டென்மார்க் கப்பற்படைக்கு ஓவ கெட்டே என்பவர் தலைவர். வயது இருபத்தைந்து. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு அவர் உடன்படிக்கை செய்துகொண்டார். டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆண்டுதோறும் கப்பம் கட்டுவது, கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்வது என்று ஏற்பாடு. அந்தக் கோட்டைதான் டான்ஸ்போர்க்.

பிறகு ஐரோப்பாவில் யுத்தம், டென்மார்க்கில் பணமுடை. கப்பல் வருவது நின்றுபோயிற்று. இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறந்தும் ஓடியும் போக, 1655-ல் கோட்டையில் மிஞ்சியவர் ஒரே ஒரு டேனியர்: எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க. பெரிய குலத்தில் பிறந்தவரல்ல, சாதாரண மனிதர். நாயக்கர் படை முற்றுகையிட்டபோதும் அவர் கொடியை இறக்கவில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669-ல் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் வந்து சேரும்வரை, பதினான்கு ஆண்டுகள் தாக்குப் பிடித்தார்.

இந்த இடத்தில் என் மகள் குறுக்கிட்டாள்.

"அத்தனை வருஷமும் தனியாவா இருந்தார், அப்பா? அவருக்குச் சோறு யார் போட்டா?"

புத்தகங்கள் அவ்வளவாகக் கேட்காத கேள்வி இது. மதிலுக்கு மண் சுமந்தவர் யார்? இரவில் காவல் நின்றவர் யார்? ஒரு மனிதன் கோட்டையைக் காத்தான் என்றால், ஊர் அவனைக் காத்தது என்றுதானே பொருள்? அவன் பெயர் நிற்கிறது. ஊராரின் பெயர்கள் நிற்கவில்லை.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தால் மற்றக் கதைகளும் வேறு மாதிரித் தெரிகின்றன. 1706 ஜூலை 9-ல் சீகன்பால்கு பாதிரியார் இங்கே வந்து இறங்கினார். தமிழ் கற்க ஆசை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களோடு அவருடைய வீட்டுக்கே வந்து பாடம் நடத்தினார். பிள்ளைகளுடன் உட்கார்ந்து மணலில் எழுத்தெழுதிக் கற்றார் பாதிரியார். முன்பு கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த அழகப்பன் பேச்சுத் தமிழுக்குத் துணையானார். இரண்டே ஆண்டுகளில், தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்குப் பாதிரியார் விவரப் பட்டியல் எழுதிவிட்டார். அதில் திருக்குறளும் உண்டு.

தமிழில் அச்சு 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது. ஆயினும் நெடுங்காலம் நிலைத்து நின்ற அச்சுக்கூடம் தரங்கம்பாடியில்தான் அமைந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளின் ஈய உறையை உருக்கி, இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது. பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் ஏற்பட்டது. அச்செழுத்தை நம்பிச் சோறு தின்கிற எனக்கு இந்த ஊர் மணலை மிதிக்கச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது. பெயர் தெரியாத அந்தத் திண்ணை வாத்தியாரும் எனக்கு முன்னோர்தாம் அல்லவா?

இந்த ஊரை உண்மையில் ஆள்வது கடல். 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி அலைக்கு இரையாயிற்று. பின்னாளில் திருப்பணி செய்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை மீனவர் வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியவர்கள் மறுபடியும் அதே கடலுக்குள் படகு தள்ளுகிறார்கள்.

யோசித்துப் பார்த்தால், தஞ்சைக்குக் கப்பம் கட்டி 225 ஆண்டுகள் குடியிருந்தவர், போகும்போது வீட்டையே விற்றுவிட்டுப் போன கதை இது. வாங்கியவரும் 1947-ல் மூட்டை கட்டினார். நானும் நான்கு நாள் வாடகைக்கு இருந்தவன்தான். விற்றபோதும் வாங்கியபோதும் யாரும் கேளாத ஜனங்கள்தாம் இன்னமும் அங்கே இருக்கிறார்கள். ஊர் யாருடையது என்ற வழக்குக்கு அவர்கள் பத்திரம் எதையும் காட்டவில்லை. போகாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.