நகக்கண்ணில் தெரிந்த நோய்: ஸ்க்ளீரோடெர்மாவும் நுண்குழாய் நோக்கின் வரலாறும்

ஸ்க்ளீரோடெர்மா என்னும் பெயர் 'கடினம்', 'தோல்' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. தோல் தடித்து இறுகி, விரல்கள் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடுவதைக் கண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் இட்ட அந்தப் பெயர், நோயின் வெளித்தோற்றத்தை மட்டுமே சுட்டியது. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் திசுக்களையே தாக்குவது, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைவது, நார்த்திசு மிகையாகப் படிவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிய இந்நோயில், தோல் இறுகுவதற்கு மாதங்களோ ஆண்டுகளோ முன்னதாகவே பெரும்பாலும் குழாய்க்கேடு தொடங்கிவிடுகிறது. அந்தக் கேட்டை உயிருள்ள மனிதரின் தோலிலேயே பார்க்க முயன்றவர்களின் வரலாறு ஏறத்தாழ நூறாண்டு நீண்டது. அதில் புதிய கருவிகளுக்கு இருந்த பங்கைவிட, கண்டதை எல்லோரும் ஒரே பெயரால் சொல்லவும் ஒரே முறையில் எண்ணவும் உடன்பட்டதற்கு இருந்த பங்கு பெரிது.

தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் மிகச்சிறு குழாய்களுக்குத் தந்துகிகள் என்று பெயர். இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-இல் நிறுவிய வில்லியம் ஹார்வி அவற்றைக் கண்டதில்லை. இரத்தம் தமனியிலிருந்து சிரைக்கு எப்படியோ கடக்க வேண்டும் என்று ஊகித்ததோடு நின்றார். அந்த இடைவெளியை 1661-இல் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து நிரப்பினார். அதற்கு இரண்டாண்டு கழித்து, 1663-இல், கோல்ஹாஸ் என்பவர் மனித நகத்தைச் சுற்றியுள்ள குழாய்களை நுண்ணோக்கியால் நோக்கியதாக இத்துறையின் வரலாறுகள் குறிக்கின்றன. 1879-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹ்யூட்டர் கீழுதட்டின் உட்புறத்தில் இரத்தம் ஓடுவதைப் பார்க்கும் முறையொன்றை வகுத்தார். எனினும் இவை யாவும் குழாய்கள் தெரிகின்றன என்பதற்குச் சான்றானவையே தவிர, எந்த நோயையும் அடையாளம் காட்டவில்லை.

நோயைப் பற்றிய அறிவு வேறொரு பாதையில் வளர்ந்தது. உடலெங்கும் தோல் இறுகிய ஓர் இளம்பெண்ணைப் பற்றி நேப்பிள்ஸ் நகர மருத்துவர் கார்லோ குர்சியோ 1753-இல் வெளியிட்ட குறிப்பே இந்நோயின் முதல் விரிவான பதிவாகப் பெரும்பாலும் சுட்டப்படுகிறது. 1847-இல் பிரான்சின் எலி ஜான்ட்ராக் அதற்கு 'ஸ்க்ளீரோடெர்மி' என்ற பெயரை நிலைநிறுத்தினார். 1862-இல் பாரிசில் மொரிஸ் ரேனோ தம் பட்ட ஆய்வேட்டில், குளிரிலோ மனக்கலக்கத்திலோ விரல்கள் திடீரென வெளிறி, நீலம் பாரித்து, பின் சிவக்கும் நிலையை விவரித்தார். ரேனோ நிகழ்வு எனப்படும் இது பெரும்பாலோரிடம் தீங்கின்றியே நின்றுவிடுகிறது. ஒரு சிறுபங்கினரிடமோ ஸ்க்ளீரோடெர்மாவின் முன்னறிவிப்பாக அமைகிறது. விரல் வெளிறும் ஒருவர் இந்த இரு பிரிவில் எதைச் சேர்ந்தவர் என்பதை வெறுங்கண்ணால் சொல்ல இயலாமையே அடுத்த நூற்றாண்டின் தேடலுக்கு வித்திட்டது.

அந்தத் தேடலுக்கு வாயில் திறந்தது ஒரு துளி எண்ணெய். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக உடலியங்கியல் அறிஞர் வாரன் லோம்பார்ட், நகத்தின் அடியில் தோல் மடியும் விளிம்பாகிய நகக்கண்ணில் எண்ணெய் இட்டால் அதன்கீழ் உள்ள தந்துகிகள் நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிகின்றன என்று 1912-இல் காட்டினார். வறண்ட தோலின் கரடுமுரடான மேற்பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் உள்ளிருப்பது மங்குகிறது. எண்ணெய் அந்த மேடுபள்ளங்களை நிரப்பி ஒளியை உள்ளே விடுகிறது. நகக்கண்ணைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. உடலின் பிற இடங்களில் தந்துகிகள் தோலுக்குச் செங்குத்தாக நிற்பதால் மேலிருந்து பார்ப்பவருக்கு நுனிகள் மட்டும் புள்ளிகளாகத் தெரியும். நக மடிப்பின் விளிம்பிலோ அவை தோலுக்கு இணையாகப் படுத்திருப்பதால், கொண்டை ஊசி வடிவிலான ஒவ்வொரு வளைவையும் முழுமையாகக் காணலாம். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஓட்ஃபிரீட் மியூலரின் மருத்துவமனையில் பணியாற்றிய வைஸ் 1916-இல் இம்முறையைச் செம்மைப்படுத்தித் தந்துகிகளைப் படமெடுத்தார்.

1925-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பிரவுனும் ஓலியரியும் ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளின் நகக்கண்ணை ஆராய்ந்து, தந்துகிகள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் வீங்கியும் இருப்பதை எழுதினர். நோயின் முத்திரை அன்றே கண்டறியப்பட்டுவிட்டது எனலாம். ஆனாலும் அது மருத்துவ வழக்கமாகவில்லை. அக்கால நுண்ணோக்கியின் மிகைப்பெருக்கம் ஒரே சமயத்தில் சில வளைவுகளை மட்டுமே காட்டியது. எது இயல்பு, எது கேடு என்பதற்குப் பொது வரையறை இல்லை. அதே பத்தாண்டில் ஜெர்மனியின் வால்டர் யென்ஷ் போன்றோர் தந்துகி வடிவங்களைக் கொண்டு மனவளர்ச்சிக் குறைபாட்டை அறியலாம் என்று கூறிய, பின்னர் நிலைக்காத கோட்பாடுகளும் எழுந்தன. வரையறையற்ற நோக்கில் பார்ப்பவர் எதையும் கண்டுகொள்ளலாம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

அரைநூற்றாண்டு கழித்து இத்துறையை மீட்டெடுத்தவரும் மனநோய் ஆய்விலிருந்தே வந்தவர் என்பது கருதத்தக்கது. மனச்சிதைவு நோயாளிகளின் நக மடிப்புக் குழாய்களை 1960-களில் ஆராய்ந்துவந்த மாரிக் என்பவர், கார்வைல் லீராய் என்னும் மூட்டு மருத்துவ அறிஞருடன் சேர்ந்து, 1973-இல் இணைப்புத்திசு நோய்களில் விரல் தந்துகிகள் கொள்ளும் வடிவங்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர் பெருக்கத்தைக் கூட்டுவதற்கு மாறாகக் குறைத்தார். குறைந்த பெருக்கம் நக மடிப்பு முழுவதையும் ஒரே பார்வையில் தந்ததால், தனி வளைவின் விந்தைகள் பின்னொதுங்கி, வீங்கிய வளைவுகளும் அவற்றுக்கிடையே குழாயற்ற வெற்றிடங்களும் சேர்ந்த ஒட்டுமொத்தக் கோலம் முன்வந்தது. 'ஸ்க்ளீரோடெர்மா கோலம்' என்ற வழக்கு அதிலிருந்து பிறந்தது.

அடுத்த வரையறையை 2000-இல் இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து மௌரிசியோ குட்டோலோ குழுவினர் வகுத்தனர். ஏறத்தாழ 200 மடங்கு பெருக்கும் காணொளிக் கருவியால் எடுத்த படங்களைக் கொண்டு அவர்கள் கேட்டை மூன்று படிகளாகப் பிரித்தனர்: ஒரு சில பெருந்தந்துகிகளும் சிறு இரத்தக்கசிவுகளும் மட்டும் உள்ள தொடக்கநிலை, அவை பெருகித் தந்துகிகள் குறையத் தொடங்கும் தீவிரநிலை, பெரும்பாலானவை அழிந்து எஞ்சியவை புதர்போல் கிளைத்துக் கிடக்கும் இறுதிநிலை. நலமான நகக்கண்ணில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏழோ அதற்கு மேலோ வளைவுகள் வரிசையாக நிற்கும். 50 மைக்ரானுக்கு மேல், அதாவது மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்குக்கு மேல், அகன்றது பெருந்தந்துகி. இவ்வாறு எண்கள் வந்து சேர்ந்தபின் ஒரு நாட்டு மருத்துவரின் குறிப்பு மறுநாட்டவருக்கும் விளங்கியது.

வடிவத்தைக் காண்பது ஒன்று. அவ்வடிவத்தினூடே இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என அறிவது மற்றொன்று. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்று 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் கூறிய விதியையும், 1960-இல் பிறந்த லேசர் ஒளியையும் இணைத்து, 1975-இல் மைக்கேல் ஸ்டெர்ன் தோலின் நுண்ணோட்டத்தை அளக்கலாம் என்று காட்டினார். தோலில் பாய்ந்த லேசரில் ஒரு பகுதி அசையாத திசுவிலும் ஒரு பகுதி ஓடும் சிவப்பணுக்களிலும் பட்டுத் திரும்ப, இரண்டும் கலக்கும்போது எழும் மாறுபாடு அணுக்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் சேர்த்து உணர்த்துகிறது. 1980-இல் ஸ்வீடனின் லிங்சோப்பிங் பல்கலைக்கழகத்தில் கெர்ட் நில்சன் குழுவினர் இதைப் பயன்படத்தக்க கருவியாக்கினர். 1990-களில் லேசர்ப் புள்ளி கையின் மேல் நகர்ந்து நகர்ந்து ஓட்டத்தை வண்ணப்படமாக வரையும் கருவிகள் வந்தன. லேசர் பட்ட பரப்பில் தோன்றும் மணல்மணியொத்த ஒளிப்பொட்டுகள் இரத்தம் ஓடுமிடத்தில் மங்குவதைக் கொண்டு முழுப்பரப்பையும் ஒரே கணத்தில் படமாக்கும் வழியை ஃபெர்ச்சரும் பிரயர்ஸும் 1981-இலேயே முன்வைத்திருந்தனர்.

தொழில்நுட்பத்தில் விஞ்சிய இக்கருவிகள் நோயறிதலில் நுண்ணோக்கியை முந்தாததற்குக் காரணம் அவை அளக்கும் பொருளின் இயல்பிலேயே உள்ளது. சிதைந்த தந்துகி இன்றும் நாளையும் சிதைந்தே தெரியும். தோலின் இரத்த ஓட்டமோ அறையின் வெப்பம், அருந்திய தேநீர், மனநிலை ஆகியவற்றுக்கேற்பக் கணந்தோறும் மாறும். லேசர்க் கருவிகள் தரும் எண்ணும் மில்லிலிட்டர் போன்ற உண்மை அலகில் அமையாமல், ஒப்பீட்டு அலகிலேயே அமைகிறது. ஆகவே ஓட்டத்தை அளப்போர் ஓய்வுநிலை அளவோடு நிற்காமல், கையைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் வைத்தெடுத்து, அது மீளும் விதத்தைப் பதிவுசெய்கின்றனர். உடல் உமிழும் அகச்சிவப்புக் கதிரைப் படமாக்கும் வெப்பப்படமும் இவ்வழியே பயன்படுகிறது. 30 டிகிரி செல்சியஸ் சூழலிலும் விரல்நுனி புறங்கையைவிட ஒரு டிகிரிக்கு மேல் குளிர்ந்திருந்தால், அது தற்காலிகச் சுருக்கமன்று, குழாயின் கட்டமைப்பே கெட்டதன் அறிகுறி என்ற ஐயத்தை வலுப்படுத்துகிறது.

1980-இல் அமெரிக்க மூட்டு மருத்துவ அமைப்பு ஸ்க்ளீரோடெர்மாவுக்கு வகுத்த வரையறையில் நகக்கண்ணுக்கு இடமிருக்கவில்லை; இறுகிய தோலே முதன்மைச் சான்றாக நின்றது. ரேனோ நிகழ்வு உடைய 586 பேரைக் கனடாவில் நீண்டகாலம் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியான ஆய்வில், 74 பேருக்குப் பின்னர் ஸ்க்ளீரோடெர்மா உறுதியானது. தந்துகிக் கேடும் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருளும் தொடக்கத்திலேயே ஒருங்கே தென்பட்டோர் பெரும்பாலும் அந்நோயை அடைந்தனர். அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் 2013-இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பெண் முறையில், நோயென வகைப்படுத்தத் தேவையான ஒன்பது புள்ளிகளில் ரேனோ நிகழ்வுக்கு மூன்றும் நகக்கண் தந்துகிக் கேட்டுக்கு இரண்டும் அளிக்கப்பட்டன. பிரவுனும் ஓலியரியும் கண்டது அங்கீகாரம் பெற 88 ஆண்டுகள் ஆயின. ஓட்டத்தைப் படமாக்கும் லேசர் முறைகள் அத்தகைய பொது அளவுகோலுக்கு இன்னும் காத்திருக்க, மருந்தின் பயனை ஒப்பிடும் ஆய்வுகளே பெரிதும் அவற்றின் களமாக உள்ளன. மருத்துவரின் மேசையிலோ, லோம்பார்ட் காட்டிய வழியில், நகக்கண்ணில் ஒரு துளி எண்ணெய் இட்ட பிறகே நோக்கல் இன்றும் தொடங்குகிறது.