கெடிஸ் பார்த்த வெளியும் எங்கள் பிளட்ஸ் முற்றமும்



எங்கள் பிளட்ஸின் நடு முற்றத்துக்கு இன்டர்லொக் கல் பதித்து வாகனத் தரிப்பிடமாக்கும் யோசனை கடந்த கூட்டத்தில் வந்தது. "சும்மா கிடக்கிற இடம்தானே" என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை. அதனால்தான் இந்தப் பழைய கதையை இங்கே எழுதுகிறேன்.

1921 இல் கொழும்புக்கு நகரத் திட்டம் எழுதிக் கொடுத்தவர் பேட்ரிக் கெடிஸ். ஸ்கொட்லாந்துக்காரர். தொழிலால் பொறியியலாளர் இல்லை, தாவரவியல் பேராசிரியர்! கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகரமாக்க நினைத்தார். அதற்கு முன் 1915 இல் தஞ்சாவூரையும் ஆராய்ந்திருந்தார். அங்கே நெரிசலான குடியிருப்பை இடித்து நேர்வீதிகள் போட ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து பார்த்துவிட்டு, பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைக்கும் சிறு வெளிகளில் மரம் வைத்தால் போதும் என்றார். செலவும் குறைவு, வீடிழப்பவர்களும் குறைவு.

கொழும்பில் அந்தப் பூங்கா நகரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கறுவாத்தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் மூத்தவர்கள் இருந்த இடங்களுக்கும் 'தோட்டம்' என்றுதான் பெயர். அங்கே இருந்ததோ ஒட்டு வீடுகளும் ஒரு பொதுக்குழாயும்! பிறகு தொடர்மாடிகள் வந்தன. 2001 இல் பொரளையில் எழுந்த சஹஸ்புரவில் மட்டும் 671 வீடுகள். இப்படி மேலே மேலே அடுக்கியபோது, மண் மிஞ்சியது கட்டடங்களுக்கு இடையில்தான்.

கொழும்பில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மண் அதில் ஒரு பங்கைக் குடித்து, மிச்சத்தை மெதுவாக விடும். கல் பதித்தால் எல்லாம் ஒரேயடியாகக் கானுக்குப் போகும். 2010 உம் 2016 உம் மறந்திருக்காது. கல் இடுக்கில் தண்ணீர் இறங்கும் என்பீர்கள். அடியில் உருளை போட்டு மண்ணை இறுக்கிய பிறகு எவ்வளவு இறங்கும்? மரம் நிழலோடு நிற்பதில்லை, வேரால் உறிஞ்சிய நீரை இலை வழியாக ஆவியாக்கிக் காற்றையும் குளிர வைக்கிறது. கல்லோ பகல் முழுக்க வாங்கிய வெயிலை இரவில் நம் ஜன்னலுக்கு அனுப்பும். முற்றத்து மாரா மரத்தில் இருக்கும் மைனாக்களையும் அணில்களையும் என் வகுப்புப் பிள்ளைகள் அங்கேதான் எண்ணிப் படித்தார்கள்.

வாகனம் நிறுத்த இடமில்லாத கஷ்டம் உண்மை. ஆட்டோ ஓட்டுகிறவர்கள் வீதியில் விட்டுவிட்டுத் தூங்க முடியாது. கேட் பக்கம் ஒரு வரிசைக்கு மட்டும் கல் பதிக்கலாம், மரத்தைச் சுற்றியுள்ள மண்ணை அப்படியே விடலாம்.

அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. வாருங்கள். இந்த முறை நானும் பேசுகிறேன்.