தொகுத்தோனும் தொகுப்பித்தோனும்

எட்டுத்தொகை பயின்றோர் 'தொகுத்தோன்', 'தொகுப்பித்தோன்' என்னும் இரு சொற்களையும் நன்கறிவர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. திரைப்பட 'எடிட்டிங்' கலையைப் படத்தொகுப்பு என வழங்கும் நமக்கு அப்பழஞ்சொல்லே உதவுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு. கிழார் கைக்கு வந்தவை முடிந்த பாட்டுகள். படத்தொகுப்பாளர் கைக்கு வருவதோ முடியாத படம். அவர் மேசையில்தான் அது முடிவு பெறுகிறது. அம்மேசையருகே இயக்குநர் இல்லாதபோது நேர்வது யாது? அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்சின் இரு படங்கள் இதற்கு விடை கூறும்.

1941இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் இறுதித் தொகுப்புரிமை வெல்சிடமே இருந்தது. அடுத்த படமான 'தி மாக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' எடுக்கும்போது அவ்வுரிமையை ஆர்.கே.ஓ. நிறுவனத்திற்கு விட்டுக்கொடுத்தார். 1942இன் தொடக்கத்தில் வேறொரு படத்திற்காகப் பிரேசில் சென்றார். தொகுப்பாளர் ராபர்ட் வைஸ் படச்சுருள்களுடன் அங்குச் செல்வதாக ஏற்பாடு; போர்க்காலப் பயணத்தடை அதனைக் கெடுத்தது. எஞ்சியது தந்திப் போக்குவரத்தே. மார்ச் 17இல் பொமோனா நகரில் நடந்த முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர் சிலர் நகைத்தனர். நிறுவனம் அஞ்சியது. இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஓடிய படம் 88 நிமிடங்களாகக் குறுகியது. முடிவும் பிறரால் புதிதாக எடுத்துச் சேர்க்கப்பட்டது. தம் இசை பெரிதும் நீக்கப்பட்டமை கண்டு பெர்னார்ட் ஹெர்மன் தம் பெயரையே படத்திலிருந்து எடுக்கச் செய்தார். வெட்டிய பகுதிகளின் மூலச்சுருள்கள் பின்னர் அழிக்கப்பட்டன.

வைசைப் பழிப்போர் உளர். அஃது எனக்கு உடன்பாடன்று. அவர் நிறுவனத்தின் ஊழியர், தொகுப்பித்தோன் நிறுவனமே.

1957இல் 'டச் ஆஃப் ஈவில்' படத்திலும் அதுவே நிகழ்ந்தது. யூனிவர்சல் நிறுவனம் படத்தை மாற்றித் தொகுத்து, வேறோர் இயக்குநரைக் கொண்டு சில காட்சிகளையும் சேர்த்தது. அவ்வடிவத்தைப் பார்த்த வெல்ஸ் 58 பக்கக் குறிப்பொன்றை எழுதினார். கவிஞர்கள் கருத்தூன்றிக் காணவேண்டிய ஆவணம் இது. தம் வடிவத்தையே திருப்பித் தருக என அவர் அதில் வாதிடவில்லை. நிறுவனத்தின் வடிவத்தையே மூலபாடமாகக் கொண்டு, எந்தக் காட்சியை எதனுடன் இடையிட்டு அமைப்பது, எங்கே ஓசை எழவேண்டும் எனப் பணிவுடன் திருத்தம் சொன்னார். உரையாசிரியர் பாடபேதம் காட்டும் பொறுமை அது. தொடக்கத்தில் மூன்று நிமிடத்திற்கு மேல் வெட்டின்றி ஓடும் காட்சியின்மீது நிறுவனம் பெயர்ப்பட்டியலையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றியிருந்தது. வெல்ஸ் வேண்டியதோ, எல்லைப்புறத் தெருவின் மதுக்கடைகளிலிருந்தும் கார் வானொலியிலிருந்தும் மாறிமாறி எழும் இசை. வெட்டே இல்லாத இடத்திலும் தொகுப்பு உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1958இல் படம் வெளியானபோது அக்குறிப்பில் சிறுபகுதியே ஏற்கப்பட்டிருந்தது. 1985இல் வெல்ஸ் மறைந்தார். 1998இல் வால்டர் மர்ச் அப்பக்கங்களை முன்வைத்துப் படத்தை மீண்டும் தொகுத்தார். பெயர்ப்பட்டியல் நீங்கியது, தெருவின் ஓசை திரும்பியது. 'ஆம்பர்சன்ஸ்' படத்திற்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நீண்ட வடிவத்தின் காட்சி வரிசையைக் குறித்த எழுத்துப்படி உண்டு. தொகுப்பதற்குச் சுருள்தான் இல்லை.