விந்தணுவின் பூட்டும் கருமுட்டையின் சாவியும்

கார்த்திகை தீபத் திருவிழா சமயத்தில் திருவண்ணாமலைக்குப் போனவர்கள் கரும்புத் தொட்டிலைப் பார்த்திருப்பார்கள். பிள்ளை வரம் கேட்டு வேண்டிக்கொண்டவர்கள், குழந்தை பிறந்ததும் கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, உள்ளே குழந்தையைப் படுக்க வைத்து, தோளில் சுமந்தபடி மாட வீதியைச் சுற்றி வருவார்கள். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்று சொல்லும் ஊர் இது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி நடக்கும் கூட்டத்திலும் இந்த வேண்டுதலோடு வருபவர்கள் உண்டு.

தொட்டிலைச் சுமப்பது அம்மா, அப்பா இரண்டு பேரும். ஆனால் பிள்ளை இல்லையென்றால் பேச்சு வாங்குவது யார்? பெண்தான். ஆண் விதை, பெண் நிலம் என்று ஒரு பழைய எண்ணம். விளைந்தால் விதைக்குப் பெருமை, விளையாவிட்டால் நிலத்தின் மேல் பழி. லாபம் முழுக்க ஒரு பங்குதாரருக்கு, நஷ்டம் முழுக்க இன்னொருவருக்கு! எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

இது நம்மூரில் மட்டும் இருந்த எண்ணம் இல்லை. 1677-ல் லீவன்ஹூக் நுண்ணோக்கியில் விந்தணுக்களைப் பார்த்தார். 1694-ல் ஹார்ட்சூக்கர் விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் குந்தியிருப்பது போலப் படமே போட்டுவிட்டார். பாலூட்டிகளின் கருமுட்டையை வான் பேர் (நாயிடம்) கண்டுபிடித்ததோ 1827-ல்தான். விந்தணுவுக்கும் முட்டைக்கும் நடுவில் 150 வருட இடைவெளி!

1875-ல் பெல்ஜியத்தின் வான் பெனடன் முயலின் கருமுட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் தோன்றி நெருங்கி வருவதைக் கண்டார். அதில் ஒன்று விந்தணு கொண்டுவந்தது என்பதை மறுவருடமே ஹெர்ட்விக் கடல் முள்ளெலியில் காட்டினார். ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம். விந்தணுவின் தலை மிகச் சிறியது, கல் போல இறுகியது. முட்டைக்குள் தெரிவதோ பெரிதாக உப்பிய உருண்டை. எப்படி மாறியது? மாற்றியது யார்?

பதிலின் முதல் பாதி வேறொருவர் கையில் இருந்தது. சுவிட்சர்லாந்தின் மீஷர் (டி.என்.ஏ.வை முதலில் பிரித்தெடுத்தவரும் இவர்தான்) 1874-ல் சால்மன் மீனின் விந்தணுக்களிலிருந்து புரோட்டமின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். மற்ற செல்களில் டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் கண்டில் நூல் போலச் சுற்றியிருக்கும். தேவையானபோது பிரித்துப் படிக்கலாம். விந்தணு உருவாகும்போது ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி வெளியேற்றப்பட்டு, அந்த இடத்தில் புரோட்டமின் உட்கார்ந்து டி.என்.ஏ.வை இறுக்கிக் கட்டிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் வந்து போகும் இடைநிலைப் புரதங்களைப் பற்றிப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.எஸ். ராவ் பல வருடங்கள் ஆராய்ந்தார். கட்டு இதோடு முடியவில்லை. பாலூட்டிகளில் புரோட்டமின்களுக்கு நடுவே கந்தகப் பிணைப்புகள் வேறு விழுகின்றன. நம் தலைமுடிக்கும் நகத்துக்கும் உறுதி தருகிற அதே பிணைப்பு! பயணத்துக்கு இது நல்ல மூட்டைதான். ஆனால் உள்ளே இருக்கும் ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது.

அப்படியானால் பிரிப்பது யார்? 1976-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் உயேஹாராவும் யானகிமாச்சியும் ஒரு காரியம் செய்தார்கள். விந்தணு உட்கருக்களை நுண்ணிய ஊசியால் நேராக ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் கருமுட்டைக்குள் செலுத்தினார்கள். ஹாம்ஸ்டருடையது மட்டுமில்லை, உறைய வைத்து உலர்த்திய மனித விந்தணுக்களையும்! அவையும் அவிழ்ந்து, உப்பி, முழு உட்கருவாக மாறின. விந்தணு நீந்தி வரவில்லை, தானாகத் துளைத்து நுழையவில்லை, உயிரோடுகூட இல்லை. முட்டை தன் வேலையைச் செய்துவிட்டது. வேறு இனத்தின் முட்டை என்பதுகூடத் தடையாக இல்லை.

அந்த வேலை என்ன என்பதும் பின்னர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முட்டையில் சேர்த்து வைத்திருக்கும் குளுட்டாதயோன் கந்தகப் பிணைப்புகளை அறுக்கிறது. புரோட்டமின்கள் வெளியேறுகின்றன. முட்டை தன் சொந்த ஹிஸ்டோன்களைக் கொடுத்து அப்பாவின் டி.என்.ஏ.வை மறுபடி சுற்றுகிறது, புதிதாக ஒரு சவ்வும் போர்த்துகிறது. முதிராத முட்டையால் இதெல்லாம் முடியாது. பல விந்தணுக்கள் ஒரே முட்டையில் புகுந்தால் சரக்கு பற்றாமல் சிலவற்றைத்தான் மாற்ற முடிகிறது. 2020-ல் வந்த ஒரு ஆய்வு, முட்டையின் எஸ்.ஆர்.பி.கே.1 என்ற நொதி புரோட்டமின்களில் பாஸ்பேட்டை ஒட்டி இந்த அவிழ்ப்பைத் தொடங்கி வைப்பதாகக் காட்டியது.

வெறும் நிலம் செய்கிற காரியமா இது?

அதற்காக விந்தணு சும்மா வருகிறது என்று சொல்லிவிட முடியாது. முட்டையை உறக்கத்திலிருந்து எழுப்பும் ஒரு புரதத்தை அதுதான் கொண்டு வருகிறது என்று 2002-ல் தெரியவந்தது. புரோட்டமின் கட்டு சரியாக அமையாத விந்தணுக்கள் ஆண்களின் மலட்டுத்தன்மையோடு தொடர்புடையவை என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. 1992-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் கர்ப்பம் உண்டாக்கிய இக்ஸி முறை, முக்கியமாக ஆண் பக்கக் குறைக்காக வந்த சிகிச்சை. இன்று தமிழ்நாட்டுக் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளில் அந்தப் பெயர் சர்வ சாதாரணம்.

பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, செலவும் குறைவு. ஆனாலும் பல வீடுகளில் மனைவி ஸ்கேன், ரத்தம், லேப்ராஸ்கோப்பி என்று எல்லாம் முடித்த பிறகுதான் கணவர் அந்தச் சின்ன டப்பாவைக் கையில் வாங்குகிறார்.