அறுப்புக்காலத்துக்கென்று காய்ச்சிய பீர்

பிரெஞ்சு மொழியில் 'செஸோன்' என்றால் பருவம். பெல்ஜியத்தின் தெற்கே, பிரெஞ்சு பேசும் எய்னோ மாகாணத்துப் பண்ணைகளில் காய்ச்சிய பீருக்கும் அதுவே பெயர். குளிர்பதன வசதி இல்லாத காலம். கோடையில் காய்ச்சினால் புளித்துக் கெட்டுவிடும். அதனால் வயலில் வேலை குறைந்த குளிர்காலத்திலேயே காய்ச்சிப் பீப்பாயில் வைத்தார்கள். மிஞ்சிய தானியச் சக்கை மாடுகளுக்கு. கெடாமலிருக்க ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ. அந்தக் கசப்பைத்தான் இன்று சுவை என்று புகழ்கிறார்கள்!

இதை எடைபோடுகிறவர்கள் நுரையைப் பார்ப்பார்கள், பிறகு முகர்வார்கள். மிளகு வாசம் வரும். மிளகு போட்டிருக்க வேண்டியதில்லை, அது ஈஸ்ட் செய்யும் வேலை. விழுங்கிய பின் நாக்கில் இனிப்பு தங்கக் கூடாது. ஈஸ்ட் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் தின்று தீர்த்ததற்கு அதுவே அடையாளம். வெயிலில் நிற்கிறவனுக்கும் இனிப்பு தாகம் தீர்க்காது.

இன்று பலரும் அளவுகோலாக வைப்பது தூர்ப் கிராமத்து துபோன் ஆலையின் செஸோனை. 1844 முதல் இருக்கும் பண்ணை ஆலை. 1920இல் துபோன் குடும்பம் வாங்கியது. அதில் ஆல்கஹால் 6.5 சதவீதம். எனக்கு இடிப்பது இங்கேதான். அதைக் குடித்துக் குடித்துப் பகல் முழுக்க அரிவாள் பிடிக்க முடியுமா? வயலுக்குப் போனது இதைவிட லேசாகத்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது சிறு ஆலைகள் 4 சதவீதத்துக்குள் காய்ச்சும் லேசான பண்ணை பீரைச் சுவைத்துவிட்டு, 'தண்ணியாக இருக்கிறது' என்று மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். ஆயுள் முழுக்க விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன்: கேள்வியைச் சரியாகப் படிக்காமல் திருத்தியிருக்கிறார்கள்.